நிழலுக்கு மூக்குதான் முகம்

சென்ற இதழில் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப என் மகளின் நாலு வயது நிழலுரு ஒன்றைப் போட்டேன். பக்கவாட்டுத் தலை, உச்சியில் தூக்கிக் கட்டிய குடுமி, எல்லாம் கறுப்பில். (அவளுக்கு இப்போது இருபத்தாறு. என்னைக் கேட்காமல் எப்படிப் போட்டாய் என்று சண்டை.) அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களை ஆசிரியர் ஒரு பையில் கட்டி, மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் உள்ள என் ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். பாதிக்கு மேல் கிரியோலில் இருந்தன. தமிழாக்கியது நான், பிழையிருந்தால் என்னைத் திட்டுங்கள். கல்யாண ஆல்பம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கவும்.

*அக்கா, மகளை ஜன்னல் பக்கம் நிறுத்திப் போனில் எடுத்தேன். கறுப்பாகவே வரவில்லை, கண் மூக்கு எல்லாம் தெரிகிறது. எங்கள் ஊரில் எப்போதும் மேகம். வெயில் இல்லாததால்தான் இப்படியா?*
— ஒரு தாய், கூர்பீப்

அம்மா, உங்கள் ஊர் மேகத்துக்காக நான் பொறாமைப்படுகிறேன். மூட்டமான வானம்தான் இந்த வேலைக்கு வரம். ஜன்னல் முழுக்க ஒரே சீரான வெள்ளை கிடைக்கும். குற்றம் மேகத்தில் இல்லை, போனில் இருக்கிறது. முகம் என்று ஒன்றைக் கண்டுவிட்டால் போன் அதை வெளுப்பாக்கிக் காட்டத்தான் பார்க்கும். இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தும் எச்.டி.ஆர். வசதியை அணைக்க உங்கள் போன் விட்டால் முதலில் அதை அணையுங்கள். பிறகு திரையில் பிள்ளையின் முகத்தைத் தொடாமல், ஜன்னலின் வெளிச்சத்தைத் தொடுங்கள். பக்கத்தில் சின்னச் சூரியன் மாதிரி ஓர் அடையாளம் வரும். அதைக் கீழே இழுங்கள். முகம் இருளும். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

பிள்ளையை ஜன்னலோடு ஒட்டி நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி நிறுத்தினால் வெளிச்சம் மூக்கு நுனியையும் உதட்டையும் சுற்றி வந்து கோட்டைத் தின்றுவிடும். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்கட்டும். நீங்கள் அவளிடமிருந்து இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு நீளும், காது பின்னால் ஓடும். போன் அவள் மூக்கின் உயரத்தில் இருக்கவேண்டும். அதற்கு நீங்கள் தரையில் உட்கார வேண்டியிருக்கும், முழங்கால் வலிக்கும், வேறு வழியில்லை.

ஜன்னலுக்கு வெளியே மரமோ பக்கத்து வீட்டுத் தகரமோ தெரிந்தால் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிடுங்கள். இன்னொன்று: வெளிநாட்டுக் காணொளிகளில் 'வடக்கு ஜன்னல் நல்லது' என்று சொல்வதைக் கேட்டு நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அவர்கள் பூமத்திய ரேகைக்கு மேலே இருக்கிறார்கள், நாம் கீழே. நமக்கு வெயில் வடக்கிலிருந்து அடிக்கும், ஆகவே தெற்கு ஜன்னல்தான் சாது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி இருபது தேதி வரை மட்டும் நண்பகல் சூரியன் தலையைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே போய்விடும். அந்த நாட்களில் மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நாலு வயதுப் பிள்ளை பக்கவாட்டில் அசையாமல் நிற்காது. நான் இன்னொரு போனில் கார்ட்டூன் ஓடவிட்டு, அலமாரிக் கதவில் அவள் கண் உயரத்துக்கு டேப் போட்டு ஒட்டிவிடுவேன். கண் உயரம் என்பதை மறக்காதீர்கள். கீழே ஒட்டினால் தாடை இறங்கிக் கழுத்து காணாமல் போகும். கழுத்தில்லாத நிழலுரு பூசணிக்காய்தான். கூந்தலைத் தூக்கிக் கட்டிப் பிடரி தெரிய விடுங்கள். உதடு இறுக மூடியிருந்தால் ஒரே மேடாக வரும். கார்ட்டூன் பார்க்கும் பிள்ளை தானாகவே வாயைக் கொஞ்சம் பிளந்துகொண்டுதான் நிற்கும், அந்த நேரத்தில் அழுத்துங்கள். முப்பது படம் எடுத்தால் ஒன்று தேறும். கூலியாக நான் கொடுப்பது கடோ பிமாங் (நம் ஊர் மிளகாய் வடை), ஆனால் படம் எடுத்த பிறகுதான். முன்பே கொடுத்தால் கன்னம் உப்பியிருக்கும்.

*ஜிம்ப் மென்பொருளில் த்ரெஷோல்ட் போட்டேன். கன்னத்தில் வெள்ளை ஓட்டைகள், சட்டைக் காலர் பாதி காணோம். ஆளைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் 'செலக்ட் சப்ஜெக்ட்' இருக்கிற ஃபோட்டோஷாப்தான் வாங்கவேண்டுமா?*
— கணினி ஆசிரியர், குட்லண்ட்ஸ்

வேண்டாம், தம்பி. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்ப் இலவசம், இந்த வேலைக்கு அது ஏராளம். பள்ளிக்கூடத்துக் கணினியில் அதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால், பிரௌசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ இருக்கிறது.

த்ரெஷோல்ட் என்ன செய்கிறது? 0 முதல் 255 வரை உள்ள வெளிச்ச அளவில் நீங்கள் ஓர் எல்லை போடுகிறீர்கள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கறுப்பு, மேலே இருப்பதெல்லாம் வெள்ளை. அதற்குக் கன்னம் எது, காலர் எது என்று தெரியாது. கன்னத்தில் எண்ணெய் மினுக்கினால் அதுவும் வெள்ளைதான். ஆகவே படத்தைச் சரியாக இருட்டாக எடுத்தவர்களுக்கு மட்டும் அது உதவும். உள்ளே நாலைந்து ஓட்டைதான் என்றால் கறுப்புத் தூரிகையால் அடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

நான் செய்வது வேறு. பாத் கருவியை எடுத்து (ஃபோட்டோஷாப்பில் பென் கருவி) முகத்தின் கோட்டைக் கையாலேயே வரைவேன். நெற்றியில் தொடங்கி, படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டு, மெதுவாக இறங்குவேன். நெற்றிக்குப் புள்ளி குறைவு, இரண்டு போதும். மூக்கடியிலிருந்து தாடை வரை மட்டும் புள்ளிகள் நெருங்கும்: மூக்கடி, மேலுதட்டுக் குழி, மேலுதடு, வாய்ப்பிளவு, கீழுதடு, அதற்குக் கீழே உள்ள பள்ளம், தாடை. ஆள் யாரென்பது இந்த ஏழு இடத்தில்தான் இருக்கிறது. பிடரிக்கும் முதுகுக்கும் இவ்வளவு சிரமப்பட வேண்டாம். பாதையைத் தேர்வாக மாற்றி, புதிய லேயரில் (படத்தின் மேல் தனி அடுக்கு) கறுப்பை நிரப்பினால் முடிந்தது. மார்புக்குக் கீழே படத்தை நேர்கோட்டில் வெட்டாமல், தோளிலிருந்து நெஞ்சுக்கு ஒரு வளைவாக வெட்டுங்கள். பழைய கத்தரிப் படங்களில் அப்படித்தான் இருக்கும். கண்ணிமை முடியையும் காற்றில் பறக்கும் இரண்டு மயிரையும் கடைசியில் மூன்று பிக்ஸல் தூரிகையால் சேருங்கள். தானாகத் தேர்வு செய்யும் கருவிகள் முதலில் விழுங்குவது அவற்றைத்தான்.

இப்போது ஒரு பழைய கதை. ஃபோட்டோஷாப்பில் ஓரங்களைச் சீராக்கும் இடத்தில் ஸ்மூத், ஃபெதர், கான்ட்ராஸ்ட், ஷிஃப்ட் எட்ஜ் என்று நாலு இழுப்பான்கள் உண்டு. முதல்முதலில் காசு வாங்கிக்கொண்டு நான் செய்த நிழலுரு ஐந்து வயதுப் பையனுடையது. ஸ்மூத்தை நன்றாக ஏற்றிவிட்டேன். கோடு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று, எனக்கே பெருமை. அவன் தாய் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அழகாத்தான் இருக்கு. யாரும்மா இது?" என்றார்.

அவனுக்கு மேலுதடு கொஞ்சம் முன்னே துருத்தியிருக்கும், பால்பல் எடுப்பு. மூக்குத் தண்டு தாழ்ந்து, நெற்றி புடைத்து நிற்கும். அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான். மூன்றையும் நான் இழைத்துத் தள்ளிவிட்டிருந்தேன். பையன் போய் ஏதோ நாணயத்தில் பொறித்த ராஜா வந்து உட்கார்ந்திருந்தார். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் செய்தேன். அன்றிலிருந்து ஸ்மூத்தை நான் தொடுவதில்லை. கோடு கரடுமுரடாக இருக்கிறது என்று தோன்றினால் பெரிதாக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மேசையிலிருந்து இரண்டு அடி தள்ளிப்போய்ப் பாருங்கள்.

அச்சுக்கு: 5க்கு 7 அங்குலச் சட்டம் என்றால் 1500க்கு 2100 பிக்ஸல் வேண்டும், ஏ4 என்றால் 2480க்கு 3508. பி.என்.ஜி. கோப்பாகச் சேமியுங்கள், ஜேபெக் கறுப்பின் ஓரத்தில் கொசு மொய்த்த மாதிரி புள்ளி விடும். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்.

*'சில்லவெத்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வழங்குகிறது? எங்கள் தீவில் யாருக்கும் தெரியவில்லை.*
— தமிழ் வகுப்பு மாணவர், சாந்தாந்த்ரே, ரீயூனியன்

நிழலுரு என்று எழுதுகிறார்கள், நிழலுருவம் என்றும் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், ஃபோட்டோவுக்கே நாம் வைத்த பெயர் நிழற்படம். அந்தப் பெயருக்கு உண்மையான பாத்தியதை இந்தக் கறுப்புப் படத்துக்குத்தான். தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் ராமரும் சீதையும் பக்கவாட்டில் திரும்பியே பேசுவதும் இதே காரணத்தால்தான். நேராகப் பார்த்தால் நிழலில் மூக்கு ஏது?

உங்கள் பிரெஞ்சுச் சொல் ஒரு மந்திரியின் பெயர். எத்தியேன் த சில்லவெத், 1759இல் பதினைந்தாம் லூயியின் நிதியமைச்சர். சிக்கனம், சிக்கனம் என்று பணக்காரர்கள் மேல் வரி போடப் போனார்; எட்டு மாதத்தில் பதவி போயிற்று. மட்டமானது, மலிவானது எல்லாவற்றுக்கும் அவர் பெயரை வைத்துக் கேலி செய்தார்கள். ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் கறுப்புக் காகிதத்தில் கத்தரித்துக்கொண்ட படத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மனிதர் நம் பக்கத்துக்கடலிலும் இருக்கிறார். சேஷெல்ஸில் மாஹேவுக்கும் ப்ராலேனுக்கும் அடுத்த பெரிய கருங்கல் தீவு சில்லவெத், அவர் பெயரால் வந்ததுதான். அந்தத் தீவுகள் 1903 வரை மொரீஷியஸிலிருந்துதான் ஆளப்பட்டன. ஆகவே ஒரு காலத்தில் நிழலும் எங்கள் நிர்வாகத்தில் இருந்தது என்று உங்கள் வகுப்பில் தாராளமாகப் பெருமையடித்துக்கொள்ளலாம், மொரீஷியஸ்காரி சொன்னாள் என்று.

*மாமியாருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைக் கரிக்கட்டையாக்கிச் சுவரில் மாட்டுவதா, மங்கலமில்லை என்கிறார். என்ன பதில் சொல்வது?*
— காத்ர் போர்ன் மருமகள்

பதில் சொல்லாதீர்கள். ஜெயித்தாலும் நஷ்டம்.

நிறத்தை மாற்றுங்கள். நிரப்பும்போது கறுப்புக்குப் பதில் அரக்கு நிறம், இல்லையென்றால் நல்ல கருநீலம். பின்னால் வெள்ளைக்குப் பதில் சந்தன நிறமோ மஞ்சளோ. இரண்டே சொடுக்குதான். குங்குமமும் மஞ்சளும் சேர்ந்தால் எந்த மாமியாரும் மறுக்கமாட்டார். நான் செய்தவற்றிலேயே அழகான படம் அரக்கும் சந்தனமும்தான், அதுவும் ஒரு பாட்டியின் பிடிவாதத்தால் பிறந்தது. மாலை போட்ட தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மட்டும் மாட்டாதீர்கள். மாமியாருக்குத் திக்கென்றிருப்பது அங்கேதான், நியாயமும் உண்டு.

கறுப்பே வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் ஒரு வாதம் கைவசம் இருக்கிறது: பிள்ளையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோமே, இதில் பிள்ளையே முழுத் திருஷ்டிப் பொட்டு. சிரித்தால் தப்பித்தீர்கள்.

*தைப்பூசத்தில் மகன் முதல்முறை காவடி எடுத்தான். அதை நிழலுருவாக்கினால் ஒரு பெரிய மூட்டை மாதிரி வருகிறது.*
— ஒரு தந்தை, போர்ட் லூயி

காவடியின் வளைவு நேராகப் பார்த்தால்தான் வளைவு. பக்கவாட்டில் அது ஒரு தூண். பையன் முகமோ பக்கவாட்டில் பார்த்தால்தான் முகம். நேராக அது ஓர் உருண்டை. இரண்டுக்கும் ஒரே தீர்வு: உடம்பும் காவடியும் உங்களை நேராகப் பார்க்க, தலையை மட்டும் தோள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் தொங்கும் பால் செம்புகள் உடம்பிலிருந்து விலகி நிற்கவேண்டும், நடுவில் வானம் தெரிய. வளைவுக்கும் தலைக்கும் இடையில் உள்ள வெள்ளைதான் படத்தைக் காப்பாற்றுவது. தென்னங்குருத்தும் பூவும் அடர்ந்திருந்தால் கணினியில் அங்கங்கே சின்னச் சின்ன இடைவெளி வெட்டிவிடுங்கள், கொஞ்சம் பொய்தான், முருகன் மன்னிப்பார்.

ஊர்வலத்தில் பையனை நிறுத்தித் தொந்தரவு செய்யவேண்டாம், நேர்த்திக்கடன் அது. வேறொரு நாள் வெறும் காவடிச் சட்டத்தோடு ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் சூரியன் இறங்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரை, பின்னால் ஒன்றும் குறுக்கே வராது.

*மகள் கண்ணாடி போட்டிருக்கிறாள், காதில் ஜிமிக்கி. இரண்டுமே தெரிவதில்லையே?*
— மஹேபூர் வாசகி

கறுப்புக்குள் கறுப்பு எப்படித் தெரியும்? உள்ளே வெள்ளையாக வெட்டவேண்டும். ஜிமிக்கியின் வடிவத்தைத் தேர்ந்து அழித்துவிடுங்கள், வெள்ளி மாதிரி மின்னும். கண்ணாடிக்கு அதன் காலை மட்டும், காதுவரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக. முன்னால் துருத்தும் ஃபிரேமைக் கோட்டிலேயே விட்டுவிடுங்கள். பின்னல் பிடரியோடு ஒட்டாமல் முதுகில் தொங்கட்டும். அவ்வளவுதான்.

*ஐந்து மாதக் குழந்தை உட்காராது. என்ன செய்ய?*
— பெயர் இல்லை

நீங்கள் தூக்கிப் பிடியுங்கள், அக்குளுக்குக் கீழே, தலைக்கும் தாங்கல் கொடுத்து. கணவர் எடுக்கட்டும். உங்கள் கைகளைக் கணினியில் அழித்துவிடலாம். நானாக இருந்தால் அழிக்கமாட்டேன்.

*முகம்தான் தெரியாதே, நிழலுருவைப் பயமில்லாமல் ஃபேஸ்புக்கில் போடலாமா?*
— இன்னொரு தாய், போ பாசன்

தெரியாதவருக்குத் தெரியாது; தெரிந்தவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். பின்னணியில் பள்ளிச் சின்னமோ கீழே முழுப் பெயரோ வேண்டாம். மற்றவர் பிள்ளை என்றால் பெற்றவரைக் கேட்காமல் போடாதீர்கள். (என் மகள் இதைப் படிக்கக்கூடாது.)

*எனக்குக் கணினி கிடையாது, போனும் பழசு. பேத்தி படத்துக்கு ஆசை. வழி உண்டா?*
— ஓய்வுபெற்ற ஆசிரியை, தெர் ரூஜ்

டீச்சர், உங்களுக்கு இருப்பதுதான் மூல வழி. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். பேத்தியைச் சுவர்ப் பக்கத்தில், தோளுக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளிவிட்டு, பக்கவாட்டில் உட்கார வையுங்கள். அவள் தலை உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி ஒரே ஒரு விளக்கு. விளக்கு எவ்வளவு சின்னதோ அவ்வளவு கூர்மையாக நிழல் விழும். ட்யூப்லைட் உதவாது, உங்கள் பழைய போனின் டார்ச் அருமை. அது தள்ளியிருந்தால்தான் நிழல் பூதமாகப் பெருக்காது. சுவரில் தாள் ஒட்டி, நிழலின் ஓரத்தைப் பென்சிலால் ஓட்டுங்கள். உள்ளே இந்தியன் இங்க். பேத்தி நெளிவாள், ஆகவே முதலில் முகம், பிறகுதான் தலையும் பிடரியும்.

என் அப்பா எனக்கு அப்படி ஒன்று வரைந்தார். 1975 பிப்ரவரி, ஜெர்வேஸ் புயல். எனக்கு ஆறு வயது. கரண்ட் போய்விட்டது, ஸ்டூடியோக் கூரைத் தகரம் ஒன்று எங்கேயோ பறந்துவிட்டது, நான் அழுதுகொண்டே இருந்திருக்கிறேன். என்னை அடக்க அவர் மண்ணெண்ணெய் விளக்கைத் தள்ளி வைத்து, நாட்காட்டித் தாளைத் திருப்பிச் சுவரில் ஒட்டி, நெகட்டிவ் டச்சிங் செய்யும் பென்சிலாலேயே வரைந்தார். பாதியில் கதவு அறைந்து சாத்தியதில் அவர் கை குலுங்கிவிட்டது. அதனால் படத்தில் என் மூக்குத் தண்டில் ஒரு சின்ன வெட்டு.

அந்தத் தாளைச் சில வருடத்துக்கு முன் ஸ்கேன் செய்து, ஜிம்ப்பில் என் மகளின் நிழலுருவுக்கு மேல் ஒரு லேயராக வைத்து, 50 சதவீதம் மங்கலாக்கிப் பார்த்தேன். நெற்றி பொருந்தவில்லை. மூக்கு அவள் அப்பாவுடையது, பேச்சே இல்லை. மேலுதட்டிலிருந்து தாடை வரை மட்டும் இரண்டு கோடும் ஒன்றாகவே ஓடின. அப்பாவின் கை குலுங்கிய வெட்டை மட்டும் அப்படியே விட்டேன். அச்சுப் போட்டபோதும் திருத்தவில்லை. கடைக்காரப் பையன் 'மேடம், இங்கே தூசி' என்று துடைக்கப் பார்த்தான்.

தாளைச் சுவரில் ஒட்ட மைதாப் பசை வேண்டாம், டீச்சர். பெயிண்ட் உரிந்துவிடும். பெயிண்டர் டேப் போதும்.